ரம்: ஒரு சொல்லா, இரண்டு சொல்லா?

பொங்கல் வந்தாலும் சரி, யாருக்காவது பிறந்தநாள் வந்தாலும் சரி, 'வாழ்த்துகள்' என்று எழுதுவதா 'வாழ்த்துக்கள்' என்று எழுதுவதா என்ற பஞ்சாயத்து கூடவே வந்துவிடும். 'க்' சேர்த்து எழுதியவரிடம், "என்ன, வாழ்த்தோடு கள்ளும் தருகிறீர்களா?" என்று ஒருவராவது கேட்காமல் இருக்க மாட்டார். அரதப்பழசான நகைச்சுவை. ஆனால் இந்தக் கட்டுரைக்கு வேண்டிய அரிச்சுவடி அதற்குள்ளேயே இருக்கிறது.

'கள்' என்ற இரண்டே எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பனையிலும் தென்னையிலும் இறக்குவது கள். கள்வன், களவு என்பவற்றில் இருக்கும் திருட்டும் கள்தான். மரங்கள், வீடுகள் என்று பன்மை காட்டுவதும் கள். இவை மூன்றும் ஒரே சொல்லின் மூன்று பொருள்களா? இல்லை. உருவத்தில் ஒன்றாகிப்போன வெவ்வேறு சொற்கள். 'திங்கள்' அப்படியில்லை. நிலவும் திங்கள்தான், மாதமும் திங்கள்தான். நிலவின் ஒரு சுற்றை வைத்தே மாதத்தை எண்ணினார்கள் என்பதால் ஒரு பொருளிலிருந்து இன்னொன்று கிளைத்தது. அது ஒரே சொல். 'ஆறு' என்றால் நதி, 'ஆறு' என்றால் ஐந்துக்கு அடுத்த எண் என்பதில் அத்தகைய உறவு எதுவும் கிடையாது. அவை இரண்டு சொற்கள்.

அகராதி செய்பவர்களுக்கு இந்த வேறுபாடு பெரிய தலைவலி. ஒரே சொல் என்று முடிவுகட்டினால் ஒரே பதிவின் கீழ் 1, 2, 3 என்று பொருள்களை அடுக்கிவிடலாம். வேறு சொற்கள் என்றால் தனித்தனிப் பதிவு போட வேண்டும். எது எப்படி என்று தெரிந்துகொள்ள, சொல் முதலில் எங்கே, எந்த வாயில், எந்த ஆண்டில் தென்படுகிறது என்று தேடிப் போக வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் இப்படித் தேடிப் பார்க்கச் சுவையான சொல் 'ரம்'.

எனக்கு இந்தச் சொல் மீது கவனம் விழுந்ததே ஒரு தப்பால்தான். கல்லூரிக் காலத்தில் பழைய ஆங்கிலக் கதை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கிழவரை 'ரம் ஃபெலோ' என்று கதாசிரியர் சொல்லியிருந்தார். நான் யோசிக்கவே இல்லை, 'குடிகாரக் கிழவர்' என்று எழுதிவிட்டேன். அந்த மனிதர் கதை முழுக்கத் தேநீரைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. அகராதியைப் புரட்டிய பிறகுதான் தெரிந்தது, ஆங்கிலத்தில் ரம் என்றால் 'விசித்திரமான', 'ஒரு மாதிரியான' என்றும் பொருள் உண்டு. அதுவும் குடியும் வேறு வேறு பதிவுகளில் இருந்தன.

முதலில் குடிக்கிற ரம்மைப் பார்ப்போம். நமக்குத் தெரிந்தது அதுதானே.

கரும்பைப் பிழிந்து சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரைப் படிகத்தைப் பிரித்தெடுத்த பிறகு, கருப்பாய்க் கொழகொழவென்று ஒரு பாகு மிஞ்சும். ஆலைகளில் அதை மொலாசஸ் என்பார்கள், கழிவுப்பாகு என்றும் சொல்வதுண்டு. அதற்குமேல் அதிலிருந்து லாபகரமாகச் சர்க்கரை எடுக்க முடியாது. ஆனால் இனிப்பு நிறைய இருக்கும். தண்ணீர் விட்டு வைத்தால் புளித்துப் பொங்கும். அதைக் காய்ச்சி வடித்தால் கிடைக்கும் சாராயம்தான் ரம். மரப்பீப்பாயில் போட்டு வைத்தால் நிறமும் மணமும் ஏறும்.

இது பெரிய அளவில் நடந்த இடம் கரீபியக் கடலோரம் இருக்கும் பார்படோஸ் தீவு. ஆங்கிலேயர் 1627-ல் அங்கே குடியேறினார்கள். முதலில் புகையிலையும் பருத்தியும் போட்டுப் பார்த்தார்கள், பெரிதாகத் தேறவில்லை. 1640-களில் கரும்புக்கு மாறினார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகளின் உழைப்பில் தீவு முழுக்கக் கரும்பாயிற்று. சர்க்கரை இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. பாகு தேங்கிக் கிடந்தது. காய்ச்சும்போது எடுத்த நுரையையும் இந்தப் பாகையும் புளிக்கவிட்டு வடிக்கத் தொடங்கினார்கள். ஒரு சாராயத்துக்கு வழி பிறந்துவிட்டது, பெயர்தான் இன்னும் நிலைக்கவில்லை.

1640-களின் கடைசியில் அங்கே சில ஆண்டுகள் தங்கியிருந்த ரிச்சர்ட் லிகன் என்ற ஆங்கிலேயர் அந்தச் சரக்கைக் 'கில்-டெவில்' என்கிறார். பேயையே கொல்வது என்று அர்த்தம். குடித்தவன் எப்படி உயிரோடு இருந்தான் என்பது வேறு விஷயம். 1651-ல் பார்படோஸிலிருந்து எழுதப்பட்ட ஒரு குறிப்பு இன்னும் சுவாரசியமானது. தீவில் போதைக்கு முக்கியமாகக் குடிப்பது 'ரம்பல்லியன்', அதற்கு இன்னொரு பெயர் கில்-டெவில், கரும்பிலிருந்து வடிப்பது, சூடானது, நரகத்தனமானது, பயங்கரமான சாராயம் என்கிறது அது. சொல்பிறப்பு தேடுகிறவர்களுக்கு இந்த ஒற்றை வரி புதையல் மாதிரி. 'ரம்பல்லியன்' என்ற நீண்ட பெயர் இங்கே கிடைக்கிறது.

மூன்றே ஆண்டுகளில், 1654-ல், வட அமெரிக்காவின் கனெக்டிகட் குடியேற்றத்தில் ஓர் ஆணை போடுகிறார்கள். 'பொதுவாக ரம், கில்-டெவில் என்று அழைக்கப்படும் பார்படோஸ் சாராயம்' எங்கே இறங்கினாலும் பறிமுதல் செய்யச் சொல்கிறது அது. ஆக, அதற்குள் 'ரம்பல்லியன்' வாலறுந்து 'ரம்' ஆகிவிட்டது. அது கடல் தாண்டி அரசாங்க ஆணையில் ஏறும் அளவுக்குப் பழகியும் விட்டது. ஒரு சொல்லுக்கு இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு பெரிய பதவி உயர்வு கிடைப்பது அபூர்வம்தான்.

சரி, ரம்பல்லியன் எங்கிருந்து வந்தது? தென்மேற்கு இங்கிலாந்தில் இருக்கும் டெவன் பகுதி வட்டார வழக்கில் ரம்பல்லியன் என்றால் பெருங்கூச்சல், அமளி என்று பொருள் குறித்திருக்கிறார்கள். பார்படோஸில் குடியேறியவர்களில் அந்தப் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர். குடித்த பிறகு நடக்கும் கூத்தைப் பார்த்துக் குடிக்கே அந்தப் பெயர் வைத்தார்கள் என்று கொண்டால் பொருந்தி வருகிறது. எல்லா அறிஞர்களும் இதற்குக் கையெழுத்துப் போட்டுவிடவில்லை. ஆனால் இருப்பவற்றில் இதுதான் காலில் நிற்கிற விளக்கம் என்பது என் எண்ணமும். நம் மொழியிலும் கள்ளும் களிப்பும் பக்கத்துப் பக்கத்தில்தானே இருக்கின்றன? களித்தல் என்றால் மகிழ்தல் மட்டுமல்ல, கள்ளுண்டு மயங்குதலும் அதுதான். பானத்துக்கும் அது தரும் நிலைக்கும் ஒரே வேர்.

போட்டி விளக்கங்களும் இருக்கின்றன. டச்சுக்காரர்கள் 'ரோமர்' என்று ஒரு பெரிய கண்ணாடிக் கோப்பை வைத்திருந்தார்கள், அதிலிருந்து வந்தது என்பார் ஒருவர். பிரெஞ்சில் மணத்தைக் குறிக்கும் 'அரோம்' என்ற சொல்லின் மிச்சம் என்பார் இன்னொருவர். இந்த விளக்கங்களில் நமக்குச் சொந்தக்காரர் ஒன்று உண்டு, அதை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

கரும்பின் அறிவியல் பெயர் 'சக்காரம்' என்று தொடங்கும். லத்தீனில் சர்க்கரைக்கு அதுதான் சொல். அதன் கடைசி அசையைப் பிடுங்கி எடுத்தால் 'ரம்'. இந்த லத்தீன் சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. கிரேக்கத்துக்கு அது இந்தியாவிலிருந்து போனது. பாலி மொழியில் சக்கரா, சமஸ்கிருதத்தில் சர்க்கரா. முதலில் பொடிக்கல், மணல் என்று பொருள், பிறகு மணல் மணலாக இருக்கும் வெல்லச் சர்க்கரைக்கு ஆகிவந்தது. நம் கடையில் கேட்கும் சர்க்கரையும் அந்தக் குடும்பம்தான். ஆக, இந்த விளக்கப்படி ரம் என்பது சர்க்கரையின் வால்! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம்ப முடியவில்லை. பார்படோஸ் தோட்டத்தில் வியர்த்துக்கொண்டு சாராயம் வடித்தவர்கள் லத்தீன் சொல்லைக் கையிலெடுத்து, தலையை வெட்டிவிட்டு வாலை வைத்துக்கொண்டார்கள் என்பதற்கு ஒரு துண்டுச் சான்றுகூடக் கிடையாது. ரம்பல்லியனுக்கோ 1651-ன் எழுத்துச் சான்று இருக்கிறது. சொல்பிறப்பில் அழகான கதைக்கும் தேதி போட்ட காகிதத்துக்கும் சண்டை வந்தால் காகிதத்தின் பக்கம் நிற்பதுதான் முறை.

பழைய பெயரான கில்-டெவில் சும்மா செத்துப்போகவில்லை. பிரெஞ்சுத் தீவுகளுக்குப் போய்க் 'கில்தீவ்' என்று உருமாறி உட்கார்ந்துகொண்டது. அப்புறம் அவர்களும் 'ரம்'மை எடுத்துக்கொண்டார்கள், எழுதும்போது மட்டும் நடுவில் ஓர் 'எச்' எழுத்தைச் சேர்த்தார்கள். ஸ்பானியர்கள் 'ரோன்' என்கிறார்கள். மார்த்தினிக், குவாதலூப் போன்ற பிரெஞ்சுத் தீவுகளில் 1848-ல் அடிமைமுறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் கப்பலேறிய தமிழர்களும் உண்டு. அந்தக் கரும்புக்குள் நம் ஆட்களின் வியர்வையும் இருக்கிறது.

ரம்மைப் பற்றிப் பேசும்போது கடற்படையை விட்டுவிட முடியாது, ஏனென்றால் அங்கிருந்து இன்னும் இரண்டு சொற்கள் வந்தன. பிரிட்டிஷ் மாலுமிகளுக்குத் தினமும் அரை பைன்ட், அதாவது ஏறக்குறைய 280 மில்லி ரம் படியளந்தார்கள். தண்ணீர் கலக்காமல்! அதைக் குடித்துவிட்டுப் பாய்மரத்தில் ஏறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1740 ஆகஸ்டில் அட்மிரல் எட்வர்ட் வெர்னன் ஓர் உத்தரவு போட்டார்: அரை பைன்ட் ரம்மில் ஒரு குவார்ட் தண்ணீர், ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேல், கலந்துதான் இனிமேல் தர வேண்டும், அதையும் இரண்டு வேளையாகப் பிரித்துத் தர வேண்டும். மாலுமிகளுக்கு எப்படி இருந்திருக்கும்! வெர்னன் எப்போதும் 'க்ரோக்ரம்' என்ற முரட்டுத் துணியில் தைத்த மேலங்கி போட்டிருப்பார், அதனால் அவருக்குப் பட்டப்பெயர் 'ஓல்ட் க்ராக்'. கடுப்பில் அவர்கள் அந்தத் தண்ணீர் ரம்முக்கு 'க்ராக்' என்று பெயர் வைத்தார்கள். அதைக் குடித்துத் தள்ளாடுகிறவன் 'க்ராகி'. இன்றைக்கு ஆங்கிலத்தில் தூக்கக் கலக்கத்தில் எழுந்தவனும் க்ராகிதான், அவன் சொட்டுக்கூடக் குடித்திருக்க வேண்டியதில்லை. இந்த வெர்னன் பெயரைத்தான் ஜார்ஜ் வாஷிங்டனின் அண்ணன் தன் பண்ணைக்கு வைத்தார், மவுன்ட் வெர்னன் என்று. கடற்படையில் ரம் பங்கீடு 1970 ஜூலை 31 வரை நீடித்தது. கடைசி நாளன்று மாலுமிகள் சிலர் கையில் கருப்புப் பட்டி கட்டித் துக்கம் அனுசரித்தார்கள்.

இந்தியாவிலும் பட்டாளத்துக்கும் ரம்முக்கும் உள்ள உறவு தெரிந்ததே. விடுமுறையில் ஊருக்கு வரும் ராணுவக்காரரின் பெட்டியில் என்ன இருக்கும் என்று தெருவுக்கே தெரியும். கான்டீன் சரக்கைக் குறிக்க 'மிலிட்டரி ரம்' என்ற தொடர் தமிழ்ப் பேச்சில் நன்றாகவே வேரூன்றிவிட்டது. 1954-ல் வந்த ஓல்ட் மாங்க் பிறகு அந்த வகையின் முகமாகவே ஆயிற்று.

இனி, இந்தச் சொல் எப்படிப் பரந்தது என்று பார்ப்போம். நம் ஊரில் 'ஒயின் ஷாப்' என்ற பெயரை நினைத்துப் பாருங்கள். அங்கே ஒயின் கேட்டுப் போகிறவர் நூறில் ஒருவர் இருந்தாலே அதிசயம். 'பிராந்திக் கடை'யில் பிராந்தி மட்டுமா விற்கிறது? ஒரு குறிப்பிட்ட மதுவின் பெயர் எல்லா மதுவுக்கும் ஆகிவருவது எல்லா மொழியிலும் நடக்கிறது. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அந்த வேலையை ரம் செய்தது.

ஆஸ்திரேலியாவில், இன்று சிட்னி இருக்கும் இடத்தில், கைதிகளைக் கொண்டு அமைத்த குடியேற்றத்தில் காசுத் தட்டுப்பாடு. சாராயமே பணமாகப் புழங்கியது. அந்த வணிகத்தைக் கையில் வைத்திருந்த நியூ சவுத் வேல்ஸ் படைப்பிரிவுக்கு 'ரம் கோர்' என்றே பெயர். இறக்குமதியான சாராயம் எதுவாக இருந்தாலும் அங்கே ரம்தான். அந்தப் படையினர் 1808 ஜனவரி 26 அன்று ஆளுநர் வில்லியம் ப்ளையைப் பிடித்துக் காவலில் வைத்துவிட்டார்கள். 1789-ல் பவுன்டி கப்பலில் மாலுமிகள் கலகம் செய்து படகில் இறக்கிவிட்டார்களே, அதே ப்ளைதான். மனுஷருக்கு ராசி அப்படி. இதற்கு 'ரம் கலகம்' என்று பெயர் வந்தது பிறகுதான், 1855-ல் ஓர் எழுத்தாளர் வைத்தது. உண்மையில் சண்டை சாராயத்தைவிட அதிகாரத்தைப் பற்றியது. அடுத்து வந்த ஆளுநர் மெக்குவாரி ஒரு மருத்துவமனை கட்ட நினைத்தார், கஜானாவில் காசில்லை. 45,000 கேலன் ரம் இறக்குமதி செய்துகொள்ளும் உரிமையைக் கட்டுபவர்களுக்குக் கூலியாகக் கொடுத்தார். 1816-ல் திறந்த அந்த 'ரம் மருத்துவமனை'யின் ஒரு பகுதியில்தான் இன்று அந்த மாநிலத்தின் சட்டமன்றம் கூடுகிறது.

அமெரிக்காவிலும் இதே கதை. மதுவை எதிர்த்தவர்கள் 'ரம் என்னும் பேய்' என்று பிரசாரம் செய்தார்கள், விஸ்கியும் பீரும் அதில் அடக்கம். 1884 அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜேம்ஸ் பிளெய்னை ஆதரித்துப் பேசிய ஒரு போதகர், எதிர்க்கட்சியை 'ரம், ரோமன் மதம், கலகம்' ஆகியவற்றின் கட்சி என்று எதுகை மோனையோடு சாடினார். கத்தோலிக்க வாக்காளர்கள் கொதித்துப் போனார்கள். நியூயார்க் மாநிலத்தைப் பிளெய்ன் ஆயிரத்துச் சொச்சம் ஓட்டில் இழந்தார், அதோடு அதிபர் பதவியும் போயிற்று. 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோது கடல்வழியாகக் கடத்தியவர்கள் 'ரம் ரன்னர்'கள். அவர்கள் படகில் பாதிக்குமேல் விஸ்கி இருந்தாலும் பெயர் ரம் பெயர்தான். இவையெல்லாம் ஒரே சொல்லின் கிளைகள், திங்கள் போல. பானம், பிறகு எல்லா மதுவும், பிறகு மது என்னும் தீமை. தொடர்ச்சி தெளிவாகத் தெரிகிறது.

இப்போது நம் தேநீர்க் கிழவரிடம் திரும்புவோம்.

பள்ளியில் தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்குக் 'குழூஉக்குறி' நினைவிருக்கும். ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புரியும்படி வைத்துக்கொள்ளும் சொல். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பார்கள் என்று எடுத்துக்காட்டு கொடுத்திருப்பார்கள். (உள்ளே போனதும் உள்ளதையெல்லாம் சொல்ல வைத்துவிடுவதால் சொல்விளம்பி! கில்-டெவிலைவிட எவ்வளவோ மேலான பெயர்.) இங்கிலாந்தில் 16-ஆம் நூற்றாண்டில் திருடர்களும் நாடோடிப் பிச்சைக்காரர்களும் இப்படி ஒரு பெரிய குழூஉக்குறிக் கிடங்கையே வைத்திருந்தார்கள். தாமஸ் ஹார்மன் என்பவர் 1560-களில் அதைக் கேட்டுக் கேட்டு எழுதிப் பதிப்பித்தார். அதில் 'ரோம்' என்ற அடைமொழி வருகிறது. சிறந்த, உயர்ந்த என்று பொருள். 'ரோம்-வில்' என்றால் லண்டன், பெருநகரம். 'ரோம் பூஸ்' என்றால் ஒயின், நல்ல குடி. இந்த 'ரோம்'தான் பிறகு 'ரம்' என்று எழுதப்பட்டது.

தேதியைக் கவனியுங்கள். ஹார்மன் எழுதியபோது பார்படோஸில் ஆங்கிலேயர் காலே வைக்கவில்லை. குடிக்கிற ரம் வருவதற்கு 80 ஆண்டு முன்பே அடைமொழி ரம் திருடர்கள் வாயில் புழங்கியிருக்கிறது. இரண்டும் வேறு சொற்கள் என்று அகராதிக்காரர்கள் பிரித்து வைப்பதற்கு இதுவே முதல் காரணம். இருந்தாலும், நல்ல சரக்கு என்ற பொருளில் 'ரம் பூஸ்' இருந்ததே, அதன் நிழல் கரும்புச் சாராயத்தின் பெயர்மேல் விழுந்திருக்காதா என்று கேட்பவர்களும் உண்டு. கேட்கலாம். ஆனால் 1651-ன் குறிப்பு ரம் பூஸ் என்று சொல்லவில்லை, ரம்பல்லியன் என்றுதான் சொல்கிறது.

'ரோம்' எங்கிருந்து வந்தது? இத்தாலியின் ரோம் நகரத்தின் பெருமையிலிருந்து என்பது ஒரு வழி. ரோமானி மக்களின் 'ரோம்' என்ற சொல்லிலிருந்து என்பது இன்னொரு வழி. அவர்கள் மொழியில் ரோம் என்றால் ஆண்மகன், கணவன். ரோமானியர் பல நூற்றாண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து புறப்பட்டு மேற்கே போனவர்களின் வழிவந்தவர்கள், அவர்கள் ஐந்து என்பதற்கு இன்றும் 'பாஞ்ச்' என்கிறார்கள். ரோம் என்ற பெயரையே சமஸ்கிருதத்தின் 'டோம்ப' என்ற சொல்லோடு இணைக்கிறார்கள். இந்த வழி சரியானால் ஆங்கிலத் திருடர்களின் சொல்லில் இந்திய வாடை அடிக்கும். பானத்தில் தேடிய இந்தியத் தொடர்பு கை நழுவியது, அடைமொழியில் ஒருவேளை இருக்கிறது!

1785-ல் ஃப்ரான்சிஸ் க்ரோஸ் என்பவர் தெருப்பேச்சுக்கு ஓர் அகராதி போட்டார். ரம் என்றால் நேர்த்தியான, நல்ல, மதிப்புள்ள என்கிறது அதுவும். 'ரம் மார்ட்' என்றால் ராணி அல்லது சீமாட்டி. 'ரம் டீகன்' என்றால் அழகான வாள். 'ரம் கல்' என்றால் பணக்கார முட்டாள். இந்தக் கடைசி உதாரணத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் இதே 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரம் தலைகீழாகப் புரளத் தொடங்கியது. 'நல்ல' என்ற பொருள் தேய்ந்து, 'வினோதமான', 'நம்ப முடியாத', 'என்னவோ சரியில்லாத' என்ற பொருள் ஏறியது. எப்படி? திருடன் பார்வையில் 'நல்ல ஆள்' யார்? ஏமாறுகிற ஆள். மடியில் கனம், தலையில் காலி. அவன் 'ரம் கல்' என்று சொல்லிக் கண் சிமிட்டுகிறான். பக்கத்தில் நிற்கும் சாதாரண மனிதன் காதில் அந்தச் சொல் விழுகிறது. அவன் சுட்டிக் காட்டப்பட்டவரைப் பார்க்கிறான். அசடு வழிய நிற்கும் ஒரு மனிதர். ஓகோ, ரம் என்றால் இப்படி ஒரு மாதிரி ஆள் போலிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறான். குழூஉக்குறி கூட்டத்தைவிட்டு வெளியே வரும்போது பொருள் பாதி வழியில் கைமாறிவிடுகிறது. இப்படித்தான் நடந்திருக்கும் என்பது என் ஊகம், ஆனால் சொல்லின் பயணத்தோடு ஒட்டி வருகிற ஊகம். ஒரு சொல் தன் பழைய பொருளுக்கு நேரெதிராகப் போவது நமக்குப் புதிதல்ல. 'நாற்றம்' ஒருகாலத்தில் நறுமணம்.

இதில் ஒரு வேடிக்கை. திருடர் பேச்சில் ரம்முக்கு எதிர்ச்சொல் 'க்வியர்'. ரம் என்றால் நல்லது, க்வியர் என்றால் கெட்டது, போலி. 19-ஆம் நூற்றாண்டுப் பொதுப் பேச்சில் ரம் என்றாலும் விசித்திரம், க்வியர் என்றாலும் விசித்திரம். எதிரெதிர்த் திசையில் நின்ற இரண்டும் நடந்து நடந்து ஒரே திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டன. க்வியர் அதற்குப் பிறகு எழுந்து வேறு வழியில் போனது தனிக்கதை.

இது போதாதென்று, சாமுவேல் ஜான்சன் 1755-ல் வெளியிட்ட பேரகராதியில் ரம்முக்கு முதல் பொருளாக 'கிராமத்துப் பாதிரியார்' என்று போட்டிருக்கிறார்! கொச்சைச் சொல் என்ற குறிப்போடு. சாராயம் இரண்டாவதாகத்தான் வருகிறது. பாதிரியார் பொருள் பிறகு வழக்கொழிந்துவிட்டது, பாதிரியார்களுக்கு நிம்மதி.

ரம் மாதிரியே தோற்றமளிக்கும் சில சொற்களையும் சட்டென்று ஒதுக்கிவிடலாம். 'ரம்மேஜ்' என்றால் கிண்டிக் கிளறித் தேடுவது. இது கப்பல் அடித்தளத்தில் சரக்கு அடுக்குவதற்கான பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. சரக்கு என்றால் இங்கே மூட்டைதான், நம் ஊர் அர்த்தத்தில் அல்ல. சீட்டாட்ட ரம்மிக்கும் குடிக்கும் உறவு உண்டென்று எழுத்துச் சான்று எதுவும் இல்லை, ஆட்டத்தின்போது மேசையில் இரண்டும் இருந்திருக்கலாம் என்பதைத் தவிர. கவிஞர் ரூமியின் பெயரில் இருப்பது கிழக்கு ரோமப் பேரரசு. அவர் வாழ்ந்த அனத்தோலியாவை அரபியரும் பாரசீகரும் 'ரூம்' என்றார்கள், ரூமி என்றால் ரூம் நாட்டுக்காரர். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ரம் என்றே ஒரு தீவு இருக்கிறது, பெயர் சாராயத்தைவிட மிகப் பழையது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதை வாங்கிய புல்லோ குடும்பத்தார் காலத்தில் பெயருக்குள் பிரெஞ்சுக்காரர்கள் மாதிரி ஓர் 'எச்' நுழைக்கப்பட்டது. 'ரம் தீவின் பிரபு' என்று தன்னைச் சொல்லிக்கொள்ள உரிமையாளருக்குக் கூச்சமாம். 1990-களின் தொடக்கத்தில் அந்த எழுத்தை எடுத்துவிட்டார்கள்.

சரி, ஆங்கிலம் படிக்கும்போது எந்த ரம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெரும்பாலும் அது நிற்கும் இடமே சொல்லிவிடும். கோப்பை, பாட்டில், பீப்பாய், பஞ்ச் என்று பக்கத்தில் ஏதாவது இருந்தால் பானம். மனிதனுக்கோ நிகழ்ச்சிக்கோ முன்னால் ஒட்டிக்கொண்டு நின்றால் விசித்திரம். 'ரம் டூ' என்றால் வினோதமான சம்பவம். 'ரம் கஸ்டமர்' என்றால் சீண்டக் கூடாத ஆசாமி. ரம் வாங்க வந்த வாடிக்கையாளர் என்று நினைத்துவிடாதீர்கள், நான் நினைத்திருப்பேன். அமெரிக்காவில் இந்தப் பொருள் அவ்வளவாகப் புழங்குவதில்லை. இங்கிலாந்திலும் இன்று கொஞ்சம் பழைய வாடைதான். ஆனால் கிழக்கே நார்ஃபோக், சஃபோக் பக்கத்துக் கிராமங்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. வானம் திடீரென்று இருட்டினாலும், பக்கத்து வீட்டுக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விற்றுவிட்டுப் போனாலும், அங்கே ஒரு பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டு, "தாஸ் எ ரம் அன்" என்பார். நம் ஊர்த் திண்ணையில் என்றால், "என்னமோ போ, ஒண்ணும் புரியல" என்றிருப்பார்.